பணமும் பாடத்திட்டமும்: அமெரிக்கப் பள்ளிகளில் ஊடக எழுத்தறிவுக்கான பொதுநிதி வரலாறு (1958–2023)

ஆய்வுச் சுருக்கம்

ஊடகங்களைப் பகுத்தாய்ந்து நோக்கும் திறனைப் பள்ளியில் கற்பிப்பதற்கு அமெரிக்க ஒன்றிய அரசு நிதி வழங்கிய காலங்களையும் வழங்காதொழிந்த காலங்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. 1978ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிக் கல்வித் திட்டம் மையமாகக் கொள்ளப்பெறுகின்றது. பணம் இருந்தபோது பாடத்திட்டத்தில் இடமும், இடம் கிடைத்தபோது பணமும் இல்லாமற் போனமைக்கான காரணம் அந்நாட்டுக் கல்வி ஆட்சியமைப்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஊடக எழுத்தறிவு, எண்ணிமக் குடிமை, பொதுநிதி, தொலைக்காட்சி, அமெரிக்கப் பள்ளிக்கல்வி

முன்னுரை

செய்தியையும் விளம்பரத்தையும் பொய்யையும் பிரித்தறியும் பயிற்சி பள்ளியிலேயே வேண்டும் என்னும் குரல் சமூக வலைத்தளங்களின் வருகைக்குப் பின்னரே எழுந்தது என்று பலரும் கருதுகின்றனர். அக்குரலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயது உண்டு. 1930களில் திரைப்படங்களைச் சுவைத்து மதிப்பிடுவதற்கான பாடநூல் பள்ளி மாணவர்க்கென எழுதப்பெற்றது. 1937இல் நியூயார்க்கில் பரப்புரைப் பகுப்பாய்வு நிறுவனம் தோன்றி, பரப்புரையாளர் கையாளும் ஏழு உத்திகளை வகுத்து வகுப்பறைகளுக்கு அனுப்பியது. இவ்விரண்டுக்கும் பணம் தந்தவை தனியார் அறக்கொடைகள். கொடை நின்றபோதோ போர் வந்தபோதோ அம்முயற்சிகளும் நின்றன. பரப்புரைப் பகுப்பாய்வு நிறுவனம் 1942இல் மூடப்பெற்றது. அரசின் பணம் இத்துறைக்குள் நுழைந்தது அதற்குப் பின்னர்தான். அந்நுழைவும் நேர்வழியில் நிகழவில்லை.

தற்காப்புச் சட்டத்தின் நிழலில்

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அவ்வச்சத்தின் விளைவாக 1958இல் தேசியத் தற்காப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. அறிவியல், கணிதம், அயல்மொழிகள் ஆகியவற்றுக்கு அச்சட்டம் நிதி ஒதுக்கியது. அதன் ஏழாம் தலைப்பு வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றைக் கற்பித்தற் கருவிகளாகப் பயன்படுத்துவது குறித்த ஆராய்ச்சிக்கு உரியது. ஊடகத்தின் வழியாகக் கற்பிப்பதே சட்டத்தின் நோக்கம். ஊடகத்தைப் பற்றிக் கற்பிப்பது அதில் பேசப்பெறவில்லை.

இந்த இடைவெளியில் நுழைந்தவர் கனடா நாட்டு அறிஞர் மார்ஷல் மெக்லூகன். கல்வி ஒலிபரப்பாளர் தேசியச் சங்கம் இந்நிதியைக் கொண்டு, பதினோராம் வகுப்பு மாணவர் ஊடகங்களைப் பற்றிப் பயில்வதற்கான பாடத்திட்டம் ஒன்றை வகுக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. 1960இல் அவர் அறிக்கை அளித்தார். அப்பாடத்திட்டம் பள்ளிகளில் வேரூன்றவில்லை. அதனின்று விரிந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் மீடியா’ என்னும் நூல் 1964இல் வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. பள்ளி மாணவருக்கென ஒதுக்கிய அரசுப்பணம் பல்கலைக்கழகங்களின் புகழ்பெற்ற நூலொன்றுக்கு விதையானதை நகைமுரண் என்றே கொள்ளவேண்டியுள்ளது.

அதே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில், இதன்கீழ் நிதிபெறும் எந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தையும் ஒன்றிய அரசு இயக்கவோ மேற்பார்வையிடவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்னும் பிரிவு இடம்பெற்றிருந்தது. அமெரிக்க அரசமைப்பின்படி கல்வி மாநிலங்களுக்குரியது; எனவே ஒன்றிய அரசு கல்விக்குப் பணம் தரும் சட்டங்களில் இத்தகைய தடை மீண்டும் மீண்டும் எழுதப்பெற்றது. பாடத்தை வகுத்து அச்சிடப் பணம் தரலாம். அதை நடத்துக என்று எந்த ஆசிரியரையும் பணிக்க இயலாது. பின்வரும் செய்திகளை இத்தடையை மனத்திற்கொண்டே காணவேண்டும்.

1978

1972இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிவியல் ஆலோசனைக் குழு, தொலைக்காட்சி வன்முறை குழந்தைகள்மீது ஏற்படுத்தும் தாக்கம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பெற்றோர் ஆசிரியர் தேசியச் சங்கம் பல நகரங்களில் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நடத்தியது. நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்யலாமெனின் அரசமைப்பின் முதல் திருத்தம் குறுக்கே நின்றது. நிறுவனங்களோ தாமே திருந்தும் நிலையில் இல்லை. நிகழ்ச்சியை மாற்ற முடியாவிடின் பார்ப்பவரைப் பயிற்றுவிப்போம் என்னும் முடிவுக்குக் கல்வியாளர் பலர் வந்து சேர்ந்தனர். சிக்கலை உண்டாக்கியோரின் சுமை பள்ளியின் தோளுக்கு மாறியது இவ்விடத்தில்தான்.

1978 ஏப்ரலில் ஒன்றியக் கல்வி அலுவலகமும் காங்கிரசு நூலகமும் இணைந்து, தொலைக்காட்சி, நூல், வகுப்பறை என்னும் பொருளில் வாசிங்டனில் கருத்தரங்கு ஒன்றை நடத்தின. அப்போது கல்வி ஆணையராக இருந்தவர் எர்னஸ்ட் பாயர். தொலைக்காட்சியைத் திறனாய்ந்து பார்க்கும் பயிற்சிக்கான நான்கு ஒப்பந்தங்களைக் கல்வி அலுவலகம் வழங்கியது. தொடக்கப்பள்ளிக்குரிய பணி டெக்சாசு மாநிலத்து ஆஸ்டினில் உள்ள தென்மேற்குக் கல்வி வளர்ச்சி ஆய்வகத்திற்கும், நடுநிலைப்பள்ளிக்குரியது நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டி. என்னும் பொதுத் தொலைக்காட்சி நிலையத்திற்கும், உயர்நிலைப்பள்ளிக்குரியது சான் பிரான்சிஸ்கோவின் ஃபார் வெஸ்ட் ஆய்வகத்திற்கும், பள்ளிக்கு மேற்பட்ட நிலையினர்க்குரியது பாஸ்டன் பல்கலைக்கழகத்திற்கும் சென்றன.

அந்நிறுவனங்கள் உருவாக்கியவற்றைக் குறைத்து மதிப்பிட இயலாது. நிகழ்ச்சி எவ்வாறு தயாரிக்கப்படுகின்றது, விளம்பரதாரரின் பணம் அதை எவ்வாறு வடிவமைக்கின்றது, செய்தி எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றது என்பன அப்பாடங்களில் இடம்பெற்றன. ஆயினும் நியூயார்க் நிலையம் ஆக்கிய நூல் ‘மொழித்திறன் பயிற்சி நூல்’ என்னும் துணைப்பெயரைத் தாங்கி வந்தது. தொலைக்காட்சிக்கெனத் தனிப் பாடவேளை எங்கும் இல்லை. வகுப்பறைக்குள் நுழையவேண்டுமாயின் ஆங்கிலப் பாடத்தின் பயிற்சியாகவே நுழையவேண்டும். அத்துணைப்பெயரை விற்பனை உத்தி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. இடமில்லாத ஒரு பாடம் வேறொரு பாடத்தின் வீட்டில் ஒண்டிக்குடியிருந்ததன் சான்றாகவே அது தோன்றுகின்றது.

விஸ்கான்சின் மாநிலச் செனட் உறுப்பினர் வில்லியம் பிராக்ஸ்மயர் 1975 முதல் மாதந்தோறும் ஒரு விருதை அறிவித்து வந்தார். அரசுப்பணத்தை வீணடித்ததாக அவர் கருதிய அலுவலகத்திற்கு வழங்கப்பெற்ற ஏளன விருது அது. ‘பொற்கம்பளி’ என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் ஆட்டுக்கம்பளியைக் குறிக்கும் அச்சொல் ஏமாற்றிப் பிடுங்குவதையும் குறிக்கும். நம் வழக்கில் ‘மொட்டையடித்தல்’ என்பதற்கு நிகரான சிலேடை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பணிக்காகக் கல்வி அலுவலகம் அவ்விருதைப் பெற்றது. கல்லூரி மாணவர்க்குத் தொலைக்காட்சி பார்க்கக் கற்றுக்கொடுக்க 2,19,592 டாலர் செலவிட்டனர் என்பது குற்றச்சாட்டு.

ஊடகக் கல்வியாளர் எழுதும் வரலாறுகளில் பிராக்ஸ்மயர் பொதுவாக நகைப்புக்குரியவராகவே வந்து போகின்றார். அவ்வாறு அவரைக் கடந்து செல்வது வரலாற்றாய்வுக்குப் போதாது. 1978 ஜூனில் கலிபோர்னிய வாக்காளர்கள் பதின்மூன்றாம் முன்மொழிவை நிறைவேற்றிச் சொத்துவரிக்கு உச்சவரம்பு விதித்தனர். பள்ளிகளின் வருவாய் பெரிதும் சொத்துவரியையே நம்பியிருந்த நாடு அது. எழுத்தும் கணக்கும் முதலில் வேண்டும் என்னும் இயக்கமும் அப்போது வலுப்பெற்றிருந்தது. வீட்டில் எல்லாரும் தாமே செய்துகொள்ளும் ஒன்றைக் கற்பிக்க ஏன் வரிப்பணம் என்னும் வினாவை எழுப்புவதற்கு அதைவிடச் சாதகமான ஆண்டு வாய்த்திராது. வாசிப்பைப் பற்றி யாரும் அவ்வாறு வினவுவதில்லை. வாசிப்புக்கு நெடுங்காலமாகப் பாடவேளையும் தேர்வும் ஆசிரியரும் உண்டு. தொலைக்காட்சிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லாமையால் வினாவுக்கு விடையளிக்கும் பொறுப்புடையோரும் இல்லாமற் போயினர்.

1981இல் ரீகன் அரசு கொண்டுவந்த கல்வி ஒருங்கிணைப்பு மேம்பாட்டுச் சட்டம், சிறுசிறு தனித்திட்டங்கள் பலவற்றைத் திரட்டி மாநிலங்களுக்கான ஒரே தொகுப்பு மானியமாக்கியது. அத்தொகையை எதற்குச் செலவிடுவது என்பது மாநிலங்களின் விருப்பம். நான்கு ஒப்பந்தங்களும் முடிந்தபின் அவற்றை ஒத்த ஒன்றியத் திட்டம் தொடரவில்லை. அச்சான நூல்களும் பாடத்தொகுப்புகளும் எஞ்சின. பணம் பெரும்பாலும் பொருளை ஆக்குவதற்கே சென்றிருந்தது. ஆண்டுதோறும் ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் நிலையான ஏற்பாடாக அது மாறவில்லை.

எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது வேறு. 1978இல்தான் டொரண்டோவில் ஊடக எழுத்தறிவுச் சங்கமும் தொடங்கப்பெற்றது. ஆசிரியர்களால் இயங்கிய அமைப்பு அது. 1987இல் மாகாணக் கல்வி அமைச்சகம் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் ஊடகக் கல்வியைக் கட்டாயமாக்கியது; 1989இல் வெளியிட்ட கையேட்டை எழுதியோர் அச்சங்கத்தினரே. அங்கும் கல்வி மாகாணத்துக்கே உரியது. கற்பிப்போரும் ஆணையிடும் அதிகாரம் உடையோரும் ஒரே இடத்தில் இருந்தனர் என்பதே வேறுபாடு.

வெற்றிடத்தில் வணிகம்

அரசு விலகிய இடம் வெறுமையாக இருக்கவில்லை. 1990இல் விட்டில் நிறுவனத்தின் ‘சேனல் ஒன்’ நாடெங்கும் பள்ளிகளுக்கு வந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஒளிப்பதிவுக் கருவியும் செயற்கைக்கோள் அலைவாங்கியும் இலவசம். கைம்மாறாக மாணவர் நாள்தோறும் 12 நிமிட நிகழ்ச்சியைப் பார்க்கவேண்டும். அதில் 2 நிமிடம் விளம்பரம். கருவி வாங்க வழியற்ற பள்ளிகள் இதனை ஏற்றதில் வியப்பில்லை. பின்னர் இந்நிறுவனமே ஊடக எழுத்தறிவுப் பாடங்களுக்கும் ஆதரவளித்தபோது கல்வியாளரிடையே கடும் பூசல் எழுந்தது. ஊடக நிறுவனங்களின் பணத்தைப் பெறலாம் என்போர் 2001இல் தோன்றிய தேசியக் கூட்டமைப்பின் பக்கமும், பெறவே கூடாது என்போர் 2002இல் உருவான மற்றோர் அமைப்பின் பக்கமும் நின்றனர். ஊடகத்தை யார் நடத்துகின்றார், அதற்குப் பணம் யாருடையது என்று மாணவரைக் கேட்கப் பழக்கும் கல்வி அவ்வினாவைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளவேண்டி வந்தது. இருதரப்பிலும் நேர்மையானோர் இருந்தனர். பொதுநிதி இருந்திருப்பின் அப்பிளவின் கூர்மை குறைந்திருக்கும் என்றே கருதுகின்றேன்.

கம்பிக்குக் கோடிகள்

பொதுப்பணம் அக்காலத்தில் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாகப் பள்ளிகளையும் நூலகங்களையும் இணையத்தோடு இணைக்க ‘ஈ-ரேட்’ திட்டம் உருவானது. ஆண்டுக்கு 225 கோடி டாலர் வரை அதன் தொடக்க உச்சவரம்பு. தொலைபேசிப் பயனர் செலுத்தும் கட்டணங்களே அதன் வருவாய். அத்தொகை இணைப்புக்கும் அதன் கருவிகளுக்கும் மட்டுமே உரியது. பிராக்ஸ்மயர் கண்டித்த தொகையினும் இது ஏறத்தாழ பதினாயிரம் மடங்கு. ஒன்று ஒருமுறை தரப்பெற்ற ஒப்பந்தம், மற்றொன்று ஆண்டுதோறும் வருவது, விலைவாசியும் வேறு. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் கருவிக்குத் திறந்த கை கருத்துக்குத் திறக்கவில்லை என்பது தெளிவு.

எண்ணிமக் குடிமை, அதாவது இணையவெளியில் பொறுப்போடு நடந்துகொள்ளும் பண்பு, ஒன்றியச் சட்டத்துள் நுழைந்தது இந்நிதியின் நிபந்தனையாகவே ஆகும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இணைய இணைப்புக்கு நிதிபெறும் பள்ளிகள் வடிகட்டிகளை அமைக்கவேண்டும் என்றது. 2008ஆம் ஆண்டுச் சட்டம், சமூக வலைத்தளங்களில் பழகும் முறை, இணையவழிக் கொடுமைப்படுத்தல் ஆகியவை குறித்து அப்பள்ளிகள் மாணவர்க்குக் கற்பிக்கவேண்டும் என்றும் சேர்த்தது; இது 2012 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. கற்பிக்கவேண்டும் என்னும் கடமை விதிக்கப்பெற்றது; கற்பிக்கும் செலவு அந்நிதியில் அடங்கவில்லை.

இடம் வந்தது

2016ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பின் பொய்ச்செய்தி பற்றிய அச்சம் மாநிலச் சட்டமன்றங்களை இயக்கியது. 2019இல் செனட் உறுப்பினர் ஏமி குளோபுச்சர் ஊடக எழுத்தறிவுக்கும் எண்ணிமக் குடிமைக்கும் 2 கோடி டாலர் மானியம் கோரும் முன்வரைவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. மாநிலங்களுள் வாசிங்டன் 2019இல் சிறு மானியத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. நியூஜெர்சி 2023 ஜனவரியிலும் கலிபோர்னியா அதே ஆண்டு அக்டோபரிலும் மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இக்கல்விக்கு இடமளிக்கும் சட்டங்களை இயற்றின.

இவற்றுக்கு முன்னோடி இல்லினாய்ஸ். 2021இல் இயற்றப்பெற்ற அதன் சட்டம், 2022–23 கல்வியாண்டு முதல் அரசு உயர்நிலைப்பள்ளி ஒவ்வொன்றும் ஊடக எழுத்தறிவு குறித்த ஓர் அலகை நடத்தவேண்டும் என்றது. 1978இல் நான்கு நிறுவனங்களுக்கும் கிட்டாத கட்டாய இடம் இது. அச்சட்டத்தோடு தனி நிதி ஒதுக்கப்பெறவில்லை. எந்தப் பாடவேளையில் அந்த அலகை நடத்துவது, அதற்கான பயிற்சியை ஆசிரியர் எங்குப் பெறுவது என்பன பள்ளிகளின் முடிவுக்கே விடப்பெற்றன.