பட்டியல் யார் கையில்?

பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதலாண்டைக்கூட முடிக்காமல் வெளியேறியவர் ஷான் ஃபானிங். 1999 ஜூனில் அவர் ஒரு சிறு மென்பொருளை இணையத்தில் வெளியிட்டபோது அவருக்கு வயது 18. பள்ளிநாட்களில் அவருடைய சுருட்டை முடியைப் பார்த்து நண்பர்கள் வைத்த பட்டப்பெயரையே அதற்கும் சூட்டினார்: நாப்ஸ்டர். இரண்டே ஆண்டுகள் உயிரோடிருந்த அந்த மென்பொருளையும் அதன் வாரிசுகளையும் பற்றி எழுதும்போது பெரும்பாலோர் திருட்டா, விடுதலையா என்ற விவாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். என் ஆர்வம் வேறு. யாரிடம் எது இருக்கிறது என்று சொல்லும் பட்டியலை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வரலாற்றின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தீர்ப்பும் அந்தப் பட்டியலை ஓரிடத்திலிருந்து விரட்டியது. ஒவ்வொரு புதிய வலையும் அதை இன்னோரிடத்தில் ஒளித்து வைத்தது.

நாப்ஸ்டருக்கு முன்பே மூலப்பொருட்கள் தயாராக இருந்தன. 1982-இல் ஃபிலிப்ஸும் சோனியும் கொண்டுவந்த குறுந்தகட்டில் இசை வெறும் எண்களாகப் பூட்டின்றிக் கிடந்தது. வீட்டுக்கு வீடு கணினி வந்து, அந்த எண்களை யாரும் படித்துவிட முடியும் என்று அப்போது எவரும் கருதவில்லை போலும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்புர்க் முதலியோர் மனிதக் காது எவற்றைக் கேட்பதில்லை என்று ஆராய்ந்தார்கள். உரத்த ஒலியின் நிழலில் மறைந்துபோகும் மெல்லொலிகளை நீக்கிவிட்டால் கோப்பு பத்தில் ஒரு பங்குக்கு அருகில் சுருங்கும். அதுவே எம்பி3. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு பாடலை இறக்க அரை நாள் ஆகாமல், அரைமணியோ அதற்கும் குறைவோ போதும் என்றானது.

ஆனால் தேடுவதுதான் பெரும்பாடு. எங்கோ ஒரு தளத்தில் பாடல் இருக்கும். நாளைக்குப் போனால் தளமே இருக்காது. ஃபானிங் செய்தது, நினைத்துப் பார்த்தால், மிக எளிய காரியம். பாடல்கள் அவரவர் கணினியிலேயே இருக்கட்டும்; அவற்றின் பெயர்ப்பட்டியல் மட்டும் நிறுவனத்தின் வழங்கியில் இருக்கட்டும். நீங்கள் இணைந்ததும் உங்கள் பட்டியல் அங்கே சேரும், விலகியதும் மறையும். தேடுபவருக்கு வழங்கி முகவரியைச் சொல்லும். அதன்பின் இரு கணினிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். பாட்டு ஒருபோதும் நாப்ஸ்டரின் கையைத் தொடுவதில்லை.

இன்று அதிகம் நினைவுகூரப்படாத இன்னொரு வசதியும் அதிலிருந்தது. உங்களுக்குப் பாட்டுக் கொடுத்தவரின் பெயரைச் சொடுக்கினால் அவர் திறந்து வைத்திருக்கும் சேகரிப்பு முழுவதையும் பார்க்கலாம். முன்பின் அறியாத ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்து புத்தக அலமாரியை நோட்டமிடுவதைப் போன்றது இது. ஒரு பழைய ஜாஸ் பதிவைத் தேடிப்போனவர், அதை வைத்திருப்பவரிடம் பல்கேரிய நாட்டுப்புறப் பாடல்களும் இருப்பதைக் கண்டு அங்கேயே தங்கிவிடக் கூடும். எண்பதுகளில் நம் சிறுநகரங்களில் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். நீட்டிய தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, 'இதைக் கேட்கிறவர் அதையும் கேட்கணுமே' என்று சொல்லும் கடைக்காரரை நம்மில் சிலராவது அறிவோம். நாப்ஸ்டரில் அந்தக் கடைக்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கடைகளில் எங்கும் விலைக்குக் கிடைக்காத பதிவுகள், நிறுவனங்கள் மறந்துபோன இசைத்தட்டுகள், கச்சேரிகளில் ரகசியமாகப் பதிந்த ஒலிநாடாக்கள் எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்தன.

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1999 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஏப்ரலில் மெட்டாலிகா குழு தனியே வழக்குப் போட்டது. முடிவு பெறாத அவர்களுடைய பாடல் ஒன்று, வெளியாகும் முன்பே நாப்ஸ்டரில் உலவி வானொலிகளிலும் ஒலித்திருந்தது. 2000 மே மாதம் அக்குழுவின் லார்ஸ் உல்ரிச், தம் பாடல்களைப் பகிர்ந்த 3,35,435 பயனர்பெயர்களைத் தாள்களாக அச்சிட்டுப் பெட்டிகளில் அடுக்கி நாப்ஸ்டர் அலுவலகத்துக்கே கொண்டுபோனார். ரசிகர்கள் அவரைப் பணப்பேய் என்று தூற்றினார்கள். தன் படைப்பு அரைகுறையாக வெளியே போனதில் ஒரு கலைஞனுக்குக் கோபம் வருவது எனக்கு விளங்குகிறது. விளங்காதது நிறுவனங்களின் அறச்சீற்றம்தான். அதே மே மாதத்தில்தான், குறுந்தகடு விலையைச் செயற்கையாக உயர்த்தி வைத்திருந்த விவகாரத்தில் ஐந்து பெரிய நிறுவனங்களும் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டன. மூன்றாண்டுகளில் வாடிக்கையாளர்கள் மிகையாகக் கொடுத்த தொகை ஏறத்தாழ 48 கோடி டாலர் என்று ஆணையம் மதிப்பிட்டது.

நீதிபதி மேரிலின் ஹால் படேல் 2000 ஜூலை 26 அன்று இடைக்காலத் தடை விதித்தார். இரண்டு நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆனால் 2001 பிப்ரவரி 12 அன்று அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாப்ஸ்டரின் விதியை முடிவுசெய்தது. தொழில்நுட்பம் தவறாகப் பயன்படக்கூடும் என்பதாலேயே அதை உருவாக்கியவரைத் தண்டிக்க முடியாது என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் பட்டியல் உன்னிடம் இருக்கிறது, எது திருட்டு என்று உனக்குத் தெரியும், உன்னால் தடுக்கவும் முடியும் என்றார்கள். பயனர்கள் திருட்டு இசையைப் பரிமாறுவதால் அவர்களின் உண்மைப்பெயரை நாம் அறியாமலிருப்பதே நல்லது என்ற பொருளில் இணை நிறுவனர் ஷான் பார்க்கர் எழுதிய குறிப்பும் நீதிமன்றத்தின் கையில் இருந்தது. அறியாமையைத் திட்டமிட்டுச் சம்பாதிக்க நினைப்பவன் அதை எழுதி வைக்கலாமா?

பாடல்பெயர்களை வடிகட்டும்படி உத்தரவு வந்தது. பயனர்கள் எழுத்துகளை மாற்றிப்போட்டுப் பெயர்களைச் சிதைத்தார்கள், வடிகட்டி தடுமாறியது. 2001 ஜூலையில் வழங்கிகள் நின்றன, மீண்டும் திறக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் மட்டும் அதைப் பயன்படுத்தியோர் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல்.

பட்டியல் கையில் இருந்ததால்தானே குற்றம்? அப்படியானால் பட்டியலே வேண்டாம் என்ற எண்ணம் தீர்ப்புக்கு முன்பே செயலாகியிருந்தது. 2000 மார்ச் 14 அன்று நல்சாஃப்ட் நிறுவனத்தின் ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் குனுடெல்லா என்ற நிரலை வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நல்சாஃப்ட் அப்போது ஏஓஎல்லுக்குச் சொந்தம். ஏஓஎல்லோ டைம் வார்னர் என்ற ஊடகப் பேரரசோடு இணையவிருந்த நேரம். மறுநாளே நிரல் அகற்றப்பட்டது. அதற்குள் இறக்கிக்கொண்டவர்கள் அதன் உட்கூற்றைப் பிரித்தறிந்து தாங்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

குனுடெல்லாவில் மையம் கிடையாது. உங்கள் கேள்வி அண்டைக் கணினிகளுக்குப் போகும். அவை தம் அண்டைகளுக்கு அனுப்பும். இப்படி ஏழு தாண்டல். ஒவ்வொரு கணினிக்கும் நான்கு அண்டைகள் என்று கொண்டால் ஒரே ஒரு கேள்வி 4,372 செய்திகளாகப் பெருகும். படேலின் தடையாணையைக் கேட்டுக் கூட்டம் அங்கே திரண்டபோது, மோடம் வைத்திருந்த எளிய கணினிகள் பிறருடைய கேள்விகளைச் சுமந்தே மூச்சுத்திணறின. வலை துண்டுதுண்டானது.

இன்னொரு நோயும் வெளிப்பட்டது. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் எய்டன் அடாரும் பெர்னார்டோ ஹூபர்மனும் 2000-இல் குனுடெல்லாவை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதையுமே பகிரவில்லை. கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளில் ஏறத்தாழப் பாதி, 1 விழுக்காட்டுக் கணினிகளிலிருந்து வந்தவை. சமத்துவத்தின் கொடியை ஏந்திய வலை, சில தாராளர்களின் தோளில் நின்றிருந்தது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது.

அடுத்து வந்தது கசா. ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸும், எஸ்டோனிய நிரலாளர்களைக் கொண்டு 2001-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள பயனர் கணினிகளே தற்காலிகமாகப் பட்டியல் தாங்கின. இவற்றுக்கு 'சூப்பர்நோட்' என்று பெயர். குனுடெல்லாவின் நெரிசலும் இல்லை, நாப்ஸ்டரின் மையமும் இல்லை. 2002-இல் அதை வாங்கிய நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்கியது, பதிவு மட்டும் வனுவாட்டுத் தீவில். முன்பு பட்டியல் சிதறியது, இப்போது நிறுவனமே சிதறியது. ஆனால் கசாவோடு உளவு நிரல்களும் விளம்பரங்களும் கணினிக்குள் புகுந்தன. கோப்பின் சில பகுதிகளை மட்டுமே அது சரிபார்த்ததால், சிதைந்த போலிக் கோப்புகளை எதிரிகள் எளிதில் கொண்டுவந்து கொட்டினார்கள். 2003-இல் மடோனாவின் புதிய பாடல் என்று நம்பி இறக்கியவர்கள் கேட்டது, 'என்ன செய்வதாக நினைப்பு?' என்ற தொனியில் அவர் குரலிலேயே ஒரு வசை.

மென்பொருளை வெல்ல முடியாத சங்கம் 2003 செப்டம்பர் 8 அன்று 261 தனிமனிதர்கள் மீது வழக்குத் தொடுத்தது. அவர்களில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவள் தாய் 2,000 டாலர் கட்டி மீண்டார். குறிவைக்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கிச் சென்றவர்கள் அல்லர். ஆயிரம் பாடல்களுக்கு மேல் திறந்து வைத்துப் பிறருக்கு அளித்தவர்கள். அதாவது, வலையைத் தாங்கிய அந்தச் சிறுபான்மை. அவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒருவரின் சேகரிப்பை முழுதாகப் பார்க்கும் அந்தப் பழைய வசதி கசாவிலும் இருந்தது. அலமாரியை எட்டிப் பார்க்க வந்த அந்நியர் இப்போது சங்கத்தின் புலனாய்வாளர். அதன்பின் விவரமறிந்தவர்கள் பகிர்வை அணைத்துவிட்டு வாங்குவதை மட்டும் தொடர்ந்தார்கள். தொழில்நுட்பக் குறைகளைவிட இதுவே அந்த உலகை உள்ளிருந்து அரித்தது என்பது என் எண்ணம்.

2005 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், குரோக்ஸ்டர் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. பட்டியல் எங்கே இருக்கிறது என்று அது கேட்கவே இல்லை. நாப்ஸ்டரின் பயனர்களை இழுக்க முயன்றதையும், வடிகட்ட முயலாததையும், விளம்பர வருவாயையும் எடுத்துக்காட்டி, மீறலைத் தூண்டும் நோக்கமே குற்றம் என்றது. ஐந்தாண்டுகளாகப் பட்டியலை ஒளித்து விளையாடியது வீணாயிற்று. குரோக்ஸ்டர் அந்த நவம்பரில் மூடியது. கசா 2006-இல் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசமானது. 2001-இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டொரென்ட் பிழைத்ததற்குக் காரணம், அது பட்டியல் பொறுப்பையே ஏற்கவில்லை. கொடுக்காதவனுக்குக் குறைவாகக் கொடு என்ற கணக்கையும் நெறிமுறையிலேயே எழுதி வைத்தது.

ஐடியூன்ஸ் 2003-இலேயே பாடல் 99 சென்ட் என்று விற்கத் தொடங்கியிருந்தது. 2008-இல் ஸ்வீடனில் ஸ்பாட்டிஃபை திறந்தது. ஷான் பார்க்கர் பின்னர் அதில் முதலீடு செய்தார். அதன் தொடக்ககால நிரலாளர்களில் ஒருவர், மியூடொரென்ட் என்ற பிட்டொரென்ட் நிரலை எழுதிய லுட்விக் ஸ்ட்ரிகேயுஸ். சந்தா கட்டிய பயனர்கள் பலருக்குத் தெரியாமலே, ஸ்பாட்டிஃபையின் கணினி நிரல் பாடல் துண்டுகளை ஒரு பயனரின் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டியல் மட்டும் நிறுவனத்தின் வழங்கியில் இருந்தது, ஃபானிங் 1999-இல் வைத்த அதே இடத்தில். அலமாரியை எட்டிப் பார்க்கும் வழி இல்லை. 2014-இல், இனித் தங்கள் வழங்கிகளே போதும் என்று சொல்லி, அந்தக் கணினிக்குக் கணினிப் பரிமாற்றத்தையும் நிறுத்தினார்கள்.