மறவாமை என்னும் நோன்பு

திருக்குட முழுக்கு மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று ஆலய பரிபாலன சபையார் அன்போடு பணித்தார்கள். அடியேனுக்குக் கிடைத்த பேறாகவே அதனைக் கருதுகிறேன். சுவிற்சர்லாந்து மண்ணில் இவ்வாலயம் எழுந்த வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். படிப்போர் பலர் அதனை உடனிருந்து கண்டவர்கள். ஆகவே சேக்கிழார் பெருமான் காட்டும் அடியவர் ஒருவரை இங்கே முன்வைக்க விழைகிறேன். பிற சூழலில் சைவராய் வாழ்வதற்கு அவரினும் சிறந்த ஆசிரியர் நமக்கு இல்லை என்பது என் துணிபு.

திருச்சங்கமங்கையில் வேளாளர் குலத்தில் தோன்றியவர் சாக்கிய நாயனார். பிறவித் துன்பம் நீங்கும் வழியைத் தேடிக் காஞ்சி மாநகர் சென்று, அங்கே புத்த சமயத்தைத் தழுவி அதன் நூல்களை ஓதினார். ஓதி ஆராய்ந்த பின்னர், சிவநெறியே மெய்ந்நெறி எனத் திருவருள் அவருக்கு உணர்த்திற்று. அவர் கண்ட தெளிவைச் சேக்கிழார் நான்கு பொருளாக வைத்துக் கூறுவார்: வினை, அதனை இயற்றும் உயிர், அதனால் விளையும் பயன், அப்பயனை உயிருக்கு ஊட்டும் இறைவன். வினையும் பயனும் புத்தருக்கும் உடன்பாடே. ஊட்டுவிப்பான் ஒருவன் வேண்டும் என்னுமிடத்தில் நாயனார் அவரிடமிருந்து பிரிகிறார். பின்னாளில் மெய்கண்ட சாத்திரங்கள் விரித்துரைக்கும் வாதத்தின் வித்து இங்கே கிடக்கிறது. பெரிய புராணத்தைக் கதைநூலாக மட்டும் வாசிப்போர் இவ்விடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள்.

தெளிவு பிறந்த பின்னும் நாயனார் புத்தத் துறவியின் ஆடையைக் களையவில்லை. எக்கோலத்தில் நின்றாலும் சிவன் திருவடியை மறவாமையே பொருள் என்று கொண்டார். வெட்டவெளியில் சிவலிங்கம் ஒன்றைக் கண்டபோது உள்ளம் பொங்கியது. செய்வது இன்னதென அறியாமல் அருகே கிடந்த கல்லை எடுத்து அன்போடு எறிந்தார். மறுநாள் அதனை நினைந்து பார்த்து, இதுவும் இறைவன் உள்நின்று செய்வித்ததே எனத் தேறினார். அன்று முதல் கல்லெறிந்து வழிபட்ட பின்னரே உண்பது என்பது அவர் நியமமாயிற்று.

ஒருநாள் மறந்துவிட்டார். உண்ணப் புகும் வேளையில் நினைவு வந்தது. பசியோடு எழுந்து ஓடினார்; கல்லை எறிந்தார். அப்போதுதான் பெருமான் உமையம்மையாரோடு விடைமேல் காட்சி தந்தார். அடியேன் பன்முறை எண்ணி வியந்த இடம் இது. ஒருநாளும் தவறாமல் எறிந்த கற்களுக்கு வராத காட்சி, தவறவிருந்த அன்றைய கல்லுக்கு வந்தது. உண்ண அமர்ந்தவரை எழுப்பிய அந்தப் பதைப்பையே இறைவன் பூசையாக ஏற்றான் என்று கொள்வதில் பிழை இராது.

நம் யாழ்ப்பாணத்து முன்னோரும் இந்நெறி நின்றவர்களே. விரதச் சோறு உண்ட இலையை, அன்று சைவத்தை ஒடுக்கிய பறங்கியர் கண்ணுக்குத் தப்பக் கூரையில் செருகி மறைத்தார்கள் என்பது செவிவழி வந்த செய்தி. அந்நியர் உணவுக்குப் பசுவைக் கொடுக்கும் முறை தமக்கு வந்தபோது ஊரை விட்டே வெளியேறிய திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர், சிதம்பரத்தில் திருக்குளம் தோண்டியும் சிவஞான சித்தியாருக்கு உரை வரைந்தும் வாழ்ந்தார். 1822 இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலரோ வெளியேறாமல் உள்ளிருந்தே நெறி காத்தவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத் தமிழ்ப் பெயர்ப்பில் உழைத்த நாளிலும் திருநீறும் அனுட்டானமும் அவரை விட்டு நீங்கவில்லை. அக்கல்வியையும் அனுபவத்தையும் கொண்டே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் கண்டார்.

இன்று நம்மை ஒடுக்குவார் எவருமில்லை. சமய உரிமையை இந்நாட்டு அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்பு காக்கிறது. பதினாறு வயதானதும் தன் சமயத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையைச் சட்டம் பிள்ளைக்குத் தந்துவிடுகிறது. இது நல்ல சட்டமே. தாமே ஆராய்ந்து தேறிய சாக்கிய நாயனாரின் வழித்தோன்றல்கள் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஆயின் நாயனார் கற்றுத்தான் தேறினார். பதினாறு வயதில் நம் பிள்ளை எடைபோட்டுப் பார்க்கும்போது, சைவத்தின் தட்டில் வைக்க நாம் எதைக் கொடுத்திருக்கிறோம்? ஆண்டுக்கொரு தேரும் பிறந்தநாள் அருச்சனையுமா? புலாலும் மதுவும் தோழர் கூட்டத்தில் இயல்பாய் நீட்டப்படும்போது, வேண்டாம் என்பதற்குக் காரணம் தெரியாத பிள்ளை எவ்வளவு காலம் வேண்டாம் என்று சொல்லும்?

மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தை மலம் கழுவப்பெற்று நிற்கும் ஞானிக்கே அருளினார். அந்த ஞானியையும் அவர் தனியே விடவில்லை. அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுக என்கிறார். அடியார் கூட்டத்தை நீங்கினால் பழைய வாசனை மீளவும் தாக்கும் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். சீவன்முத்தருக்கே இக்காவல் வேண்டுமாயின், வாரத்தில் ஐந்து நாள் வேலைத்தலத்திலும் பள்ளியிலும் கழிக்கும் நமக்கு அது எத்துணை இன்றியமையாதது! ஆலயம் வேண்டுதல் வைக்கும் இடமாக மட்டும் சுருங்கலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

ஆதலால் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு உரிய வயதில் சமய தீட்சை செய்வியுங்கள். காலையில் திருநீறு அணிந்து ஒரு தேவாரம் ஓதிய பின்னரே உணவு என்பதை வீட்டு நியமமாக்குங்கள். முதலில் நீங்கள் செய்யுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை அதட்டி அடக்காமல், அவர்கள் மொழியிலேயே விடை சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். டொச்சு மொழியிலே சித்தாந்தம் பேசினால் சிவபெருமான் கோபிக்கமாட்டார்.

சபையாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. சாக்கிய நாயனாரின் குருபூசை மார்கழிப் பூராடத்தில் வருவது. பெரும்பாலும் இங்குள்ள பள்ளி விடுமுறையை ஒட்டி அமையும். இவ்வாண்டு முதல் அதனைப் பிள்ளைகளின் விழாவாகவே கொண்டாடுவோம். நாயனார் வரலாற்றை அவர்களில் ஒருவரே எழுந்து நின்று சொல்லட்டும். பெரியோர் நாம் கீழே அமர்ந்து கேட்போம்.