95 ரூபாய்க்கு விலைபோகாத இன்ஃபோசிஸ்

எங்கள் தாராசுரத்தில் பட்டுச்சேலை எடுக்க வருபவர்கள் நூலையும் ஜரிகையையும் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். ஷேர் விஷயத்தில் மட்டும் நாம் விலையை முதலில் பார்க்கிறோம். அது சரியா?

1992 வரை, கம்பெனிகள் வெளியிடும் புதுப் பங்குகளின் விலையில் மத்திய அரசின் கட்டுப்பாடு இருந்தது. அது நீங்கியதும் கம்பெனியே விலை சொல்லலாம் என்றானது. அது தகுமா என்று பார்ப்பது நம் வேலை.

1993 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் வந்தது. 10 ரூபாய் முகமதிப்புப் பங்கு 95 ரூபாய். 'இவ்வளவா?' என்று பலர் ஒதுங்கினார்கள். ஹர்ஷத் மேத்தா ஊழலின் சூடும் ஆறவில்லை. பங்குகள் முழுதாக விற்கவில்லை. மார்கன் ஸ்டான்லி 13 சதவீதப் பங்குகளை அதே விலைக்கு எடுத்துக்கொண்டது. ஜூனில் சந்தைக்கு வந்தபோது விலை 145!

முகமதிப்பை வைத்து மலிவா என்று சொல்ல முடியாது நண்பர்களே. லாபத்தைப் பாருங்கள். ஒரு பங்கு 100 ரூபாய், அதன் வருட லாபம் 5 ரூபாய் என்றால் நாம் 20 மடங்கு கொடுக்கிறோம். லாபம் வருடம் 25 சதவீதம் வளர்ந்தால் மூன்றே வருடத்தில் 9.77 ரூபாய், நாம் கொடுத்தது சுமார் 10 மடங்குதான். வளர்ச்சி நின்றால் அதே 20.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2000-இல் ஐ.டி. மோகத்தில் எகிறிய இதே பங்கு 2001-இல் சரிந்தது. லாபம் என்னவோ வளர்ந்துகொண்டுதான் இருந்தது. நல்ல கம்பெனி வேறு, நல்ல விலை வேறு.