பழைய பனங்கையை விறகுக்குப் போடாதீங்க!



திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறவர்கள் இப்போது அதிகம். பிரித்த பனங்கையையும் வேப்பம்பலகைக் கதவையும் விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறோம். பிறகு பல மடங்கு பணம் கொடுத்து மரவாடியில் புதுப் பலகை வாங்குகிறோம். இது லாபமா, நஷ்டமா? அந்த மரத்தின் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்க.

முதலில் நம்ம பனை. வேம்பு, தேக்கு போன்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும், வெளிறு ஓரத்தில் இருக்கும். பனைக்கு நேர்மாறு. நடுவில் சோறு, ஓரத்தில்தான் கருத்த வைரம். அதனால்தான் ஆசாரிமார் பனையைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, ஓரத்தை மட்டும் கையாக எடுத்தார்கள். டச்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனஞ்சட்டங்கள் கப்பலேறி வெளியூர் போயின என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்க. 1978-ல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமானது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஆக, கையில் இருக்கிற பழைய பனங்கை இனி எளிதில் கிடைக்காத சரக்கு.

அடுத்தது தேக்கு. கப்பல் கட்டத் தேக்கை வெட்டி வெட்டி மலபார்க் காடுகள் தேய்ந்துபோயின. 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கொனோலி, நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கினார். முதலில் போட்ட விதை முளைக்கவில்லை. தேக்கங்கொட்டையின் ஓடு அவ்வளவு கெட்டி. சாத்து மேனன் என்ற அலுவலர்தான் நாற்று வளர்த்து நட்டு, அதைத் தோட்டமாக்கிக் காட்டினார். 1846-ல் நட்ட மரங்களில் சில இன்றும் அங்கே நிற்கின்றன.

பர்மாத் தேக்கின் கதை வேறு. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் அந்த மரம்தான். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து அறுந்துபோனது. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்தியது. வெளியூர் மரத்தை நம்பினால் இப்படித்தான். வரப்பில் நிற்கிற மரம்தான் நம்ம மரம்.

வைரம் இல்லாத மரத்தைக் காக்க மருந்து உண்டா? உண்டு. 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மருந்து கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சாணத்தைக் கொல்லும், ஆர்செனிக் கறையானைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைக்கும். உலகம் முழுவதும் கம்பங்களுக்கு அது பயன்பட்டது. ஆனால் ஆர்செனிக் விஷமாச்சே! 2003-ம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். தொட்டில், ஊஞ்சல், மாட்டுத் தொட்டி, தானியப் பெட்டி இவற்றுக்கு அந்த மருந்து ஏற்றிய மரம் வேண்டவே வேண்டாம். அதை எரிப்பதும் ஆபத்து.

மருந்தே இல்லாமல் மரம் நிற்காதா? ஜப்பானில் ஹோர்யூஜி என்ற கோயில் இருக்கிறது. சைப்ரஸ் இனத்து ஹினோக்கி மரத்தில் கட்டியது. சுமார் 1300 ஆண்டுகளாக நிற்கிறது. அங்கே மூன்று காரியம் சேர்ந்தன: வைரமுள்ள மரம், மழை தொடாத அகலமான கூரை, பழுதைத் தள்ளிப்போடாத பராமரிப்பு. மூன்றும் நம்மால் முடிந்ததுதானே?

அப்படின்னா செய்ய வேண்டியது என்ன? பழைய கையையும் பலகையையும் உளியால் தட்டிப் பாருங்க. கணீரென்றால் நல்லது, பொதுபொதுவென்றால் உளுத்துவிட்டது. ஆணியை எல்லாம் பிடுங்கிய பிறகே இழைப்புளி போடுங்க.

புதிதாக வேம்போ பூவரசோ வெட்டினால், நம்ம பெரியவங்க கண்மாயில் ஊறப்போட்டது மூடப்பழக்கம் இல்லை. மரத்திலுள்ள மாவும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்துபோனால் வண்டுக்கு இரை இல்லை. பலகை அறுத்ததும் வெயிலில் போடாதீங்க, வெடித்துவிடும். நிழலில், பலகைக்குப் பலகை குறுக்குச் சட்டம் வைத்து, காற்றுப் போகிற மாதிரி அடுக்குங்க. இரண்டு முனையிலும் பெயிண்ட் தடவுங்க. அங்குலக் கனப் பலகையை மூன்று, நான்கு மாதமாவது ஆறவிடுங்க. ஈரப் பலகையில் கதவு செய்தால் அகலம் சுருங்கி இடுக்கு விழும். நீளம் அவ்வளவாகச் சுருங்காது.

வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குப் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசல் போதும். மழையில் அது கரைந்துவிடும், வெளிமரத்துக்கு ஆகாது. கூரைப் பனங்கைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவலாம். கையில் பட்டால் புண்ணாகும், உறை போட்டுக்கொள்ளுங்க. கதவுக்கு உப்புத்தாள் தேய்த்து, வேகவைத்த ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு கொடுங்க. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்க.

வரப்பு வேம்பை நின்ற நிலையில் வியாபாரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்க. உங்க வீட்டு நிலைக்கும் கதவுக்கும் வேண்டிய மரம் அதிலேயே இருக்கலாம்.