தலைச்சுமையும் தராசும்

கொல்லிமலையைப் பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் ஒரு பெண் இருக்கிறாள். ஆனால் அவளுக்கு உயிரில்லை. தெய்வம் செய்து வைத்த பதுமையாக, கொல்லிப்பாவை என்ற பெயரில் சங்கப் பாடல்களில் வருகிறாள். காற்று வீசினாலும், இடி இடித்தாலும், நிலமே நடுங்கினாலும் அவள் அழகு குறையாது. காதலியின் அழகைச் சொல்லத் தவிக்கும் தலைவன் அவளை உவமையாக எடுத்துக்கொள்கிறான். பிற்காலக் கதைகளில் அந்தப் பாவை சிரிக்கத் தொடங்கினாள். நெருங்கி வரும் ஆண்களைச் சிரித்து மயக்கிக் கொல்கிறவளாக மாறினாள். மலையில் இன்று எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர், இந்த அம்மன்தான் அந்தப் பாவை என்று சொல்வார்கள்.

மயங்குவதற்கு ஒரு பெண், பயப்படுவதற்கு ஒரு பெண். அதே மலையில் தினைப்புனம் காத்தவள், சாமை குத்தியவள், பலாப்பழத்தைத் தலையில் சுமந்து இறங்கியவள் எங்கே போனாள்? மலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசு விழாவும் நடக்கிறது. சுமந்தவளைத் தேட வேண்டுமானால் கோட்டைக்கோ கோயிலுக்கோ போவதைவிடச் சந்தைக்குப் போவது நல்லது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே கிணற்றுப் பாசனமும் கோழிப் பண்ணைகளும் சேகோ ஆலைகளும் கொண்ட வறண்ட சமவெளி. மேலே ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் சில்லென்ற காற்று. ஏறி முடித்ததும் வருகிற சோளக்காட்டில் சந்தை. பருவத்துக்கு ஏற்றபடி பலா, மலைவாழை, அன்னாசி, மிளகு, காப்பிக்கொட்டை. பழங்களைக் குவித்து வைத்து உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். சுற்றுலா வருகிறவர்கள் பேரம் பேசி வாங்கி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவார்கள்.

சாலை வருவதற்கு முன் சந்தை மலையில் இல்லை, மலைதான் சந்தைக்கு இறங்கியது. ஒற்றையடிப் பாதைகளில் தலைச்சுமையாக விளைபொருள் அடிவாரத்துக்கு வந்தது. ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையே உள்ள பேளுக்குறிச்சியில் சனிக்கிழமை கூடும் மளிகைச் சந்தை இன்றும் சேலம், நாமக்கல் வட்டாரப் பெண்களுக்குப் பழக்கமானது. ஆண்டு முழுமைக்கும் வேண்டிய மிளகு, கடுகு, சீரகம் என்று வாங்கி வைக்க அங்கே போவார்கள். கொல்லிமலை மிளகுக்கு அங்கே தனி மதிப்பு. மலையிலிருந்து உப்பு விளையாது, துணியும் நெய்யப்படாது. இறக்கியதை விற்று, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும்.

மலையும் சமவெளியும் இப்படிக் கொடுத்து வாங்குவது மிகப் பழைய வழக்கம். புறநானூற்றின் 33ஆம் பாடலில் வேட்டுவன் மான் தசையைக் கொண்டு வருகிறான், ஆயர் பெண் தயிர்ப் பானையோடு வருகிறாள். பண்டமாற்றாக வெண்ணெல்லை முகந்து கொடுப்பவர்கள் உழவர் வீட்டுப் பெண்கள். பாடல் ஒரு சோழ மன்னனின் போரைப் புகழ வந்தது. போகிற போக்கில் சொன்ன இந்தச் செய்திதான் நமக்கு முக்கியம். கொண்டு வருபவர்களில் ஒருத்தி பெண், அளந்து கொடுப்பவர்களும் பெண்கள். அளக்கும் பாத்திரம் யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி நமக்கு எளிதில் கிடைக்காது.

மலைவாழ் மக்களைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகள், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஸட்டியர் ஆகியவையே இந்த மலைகளின் வரலாற்றுக்கு மாணவர்கள் முதலில் புரட்டும் நூல்கள். மலையாளிகள் என்று அழைக்கப்படும் இம்மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற வழக்குக் கதையைத் தர்ஸ்டன் பதிந்திருக்கிறார். அதில் வரும் அண்ணன் தம்பிகள் மூவருக்கும் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று பெயர் உண்டு. அவர்கள் மணந்த பெண்களுக்குப் பெயர் இல்லை. எந்தச் சாதிப் பெண் என்பது மட்டும் சொல்லப்படுகிறது. ஒரு இனத்தின் தோற்றக் கதையிலேயே தாய்மார் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

பக்கத்து மலையான சேர்வராயனில் வெள்ளைக்காரர் வரலாறு தொடங்குவது காப்பியோடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுப் பகுதியில் காப்பியைக் கொண்டுவந்தார் என்று அவரை ஏற்காட்டின் தந்தை என்றே சொல்கிறார்கள். ஊருக்குத் தந்தை கிடைத்துவிட்டார். பழம் பறித்து, உலர்த்தி, தரம் பிரித்த பெண்கள் கூலிக் கணக்கில் எண்களாக நின்றார்கள். கொல்லிமலையிலும் சில்வர் ஓக் மர நிழலில் காப்பியும், அதே மரத்தில் ஏறும் மிளகுக் கொடியும் இன்று முக்கியமான பணப்பயிர்கள்.

இந்தக் காப்பியின் ஊர் எது என்று தேடினால் இன்னொரு மலைநாட்டுக்குப் போய்ச் சேருவோம். செங்கடலுக்கு மேலே எழும் ஏமன் நாட்டு மலைச்சரிவுகளில், கல்லடுக்கிய படிவயல்களில் காப்பி விளைந்தது. மோக்கா துறைமுகம் வழியாக அது உலகுக்குப் போயிற்று. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதான் அங்கிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து கர்நாடக மலையில் நட்டார் என்பது நம் பக்கத்து மரபுக் கதை. ஏமனின் தலைநகர் சனா 2,200 மீட்டருக்கு மேல் அமைந்த சந்தை நகரம். உப்புச் சந்தை என்ற பெயருள்ள அதன் பழைய கடைவீதியில் காப்பியும் திராட்சையும் வாசனைப் பொருளும் விற்கும். 1986இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அந்த மலைநாட்டை ஒரு பெண் பல பத்தாண்டுகள் ஆண்டாள். 1138இல் இறந்த அரசி அர்வா. தலைநகரைச் சனாவிலிருந்து ஜிப்லா என்ற இன்னொரு மலையூருக்கு அவள் மாற்றியதற்கு ஒரு கதை சொல்வார்கள். கணவனை விட்டுச் சனா மக்களைக் கூட்டச் சொன்னாள். கூட்டத்தில் வாள்கள் மின்னின. ஜிப்லாவில் அதேபோல் கூட்டச் சொன்னபோது மக்கள் ஆடும் நெய்யும் தேனும் கொண்டு வந்தார்கள். இவர்களிடையே வாழ்வதுதான் நல்லது என்றாளாம் அர்வா. நடந்ததோ இல்லையோ, ஒரு ஊரை அதன் படையை வைத்து எடை போடாமல், அது சந்தைக்குக் கொண்டு வருவதை வைத்து எடை போட்ட அரசியாக அவளை அந்த மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஏமன் மலைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. காப்பிக்கொட்டை விற்பனைக்குப் போகும். உலர்ந்த பழத்தின் தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்துக் கிஷ்ர் என்ற பானமாக வீடுகளில் குடிப்பார்கள். விளைவித்த வீட்டில் தோல், வாங்கிய ஊரில் கொட்டை. மலைச் சந்தைகளுக்குப் பொதுவான ஒரு விதி இதில் இருக்கிறது. சமவெளி எதைக் கேட்கிறதோ அது மலையின் பயிராகும்; மிஞ்சுவது மலையின் உணவாகும். கொல்லிமலையில் இந்த விதி பெண்களின் கையை எப்படித் தொட்டது என்பதுதான் நம் கேள்வி.

இரண்டு தலைமுறைக்கு முன் கொல்லிமலையின் உணவு சாமை, கேழ்வரகு, தினை. சாமையில் மட்டும் வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று வகைகள் உண்டு. எந்த வகை எந்த மேட்டில் நிற்கும், எது சீக்கிரம் விளையும், எதன் சோறு பசி தாங்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் அறிவாக இருந்தது. விதைக்கு நல்ல கதிரைத் தேர்ந்து, காயவைத்து, சாம்பலோ வேப்பிலையோ கலந்து எடுத்து வைப்பது அவர்கள் வேலை. வீட்டுத் தேவை போக மிஞ்சியதைப் படிக்கணக்கில் சந்தையில் அளந்து விற்றால் கிடைக்கும் சில்லறை அவர்கள் முந்தானை முடிச்சில் தங்கும். சிறிய தொகைதான். ஆனால் அதற்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

பிறகு மரவள்ளி வந்தது. சேலத்தின் ஜவ்வரிசித் தொழிலுக்கு ஒரு உலகப் போர்ப் பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மலேயா பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. அதற்கு மாற்றாக 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின. 1981இல் உற்பத்தியாளர்களுக்காகச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஆலைகளின் பசி சமவெளியோடு நிற்கவில்லை. சாலை போட்டதும் மலைக்கும் ஏறியது. சாமை நின்ற சரிவுகளில் குச்சிக்கிழங்கு நின்றது.

பயிர் மாறியதும் அளவையும் மாறியது. கிழங்கைப் படியில் அளக்க முடியாது, தலைச்சுமையாக விற்கவும் முடியாது. லாரியில் ஏற்றி, டன் கணக்கில் எடை போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து ஆலையில் விலை வைப்பார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது, லாரி பேசுவது, எடைச்சீட்டு வாங்குவது எல்லாம் ஆண்களின் நடமாட்டத்துக்கு ஏற்ற வேலைகள். நடுவதும் களை எடுப்பதும் பெண்களிடமே நின்றன. ஆண்டுக்கு ஒரு முறை வரும் மொத்தப் பணம் ஆணின் சட்டைப்பைக்குப் போனது. படி இருந்த இடத்துக்கு எடைமேடை வந்ததில் ஒரு பெண்ணின் கைப்பணம் காணாமல் போனது. எந்த மாவட்டக் கையேட்டிலும் இந்த இழப்புக்கு ஒரு வரி கிடையாது.

இதைச் சொல்லும்போது ஒரு எளிய புலம்பலில் விழுந்துவிடக் கூடாது. பழைய சாமைக் காலம் பொற்காலம் என்று நகரத்து மேடைகளில் பேசுவார்கள். சாமையின் உமி கல்லைப் போல. அதை உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசியாக்குவதற்குள் தோள் இற்றுப்போகும். குத்தியது முழுக்கப் பெண்கள். ரேஷன் அரிசி வந்தபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை. சிறுதானியம் மலையை விட்டுப் போனதற்கு மரவள்ளி ஒரு காரணம் என்றால், அந்த உலக்கையும் ஒரு காரணம். தானியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் அந்தத் தோளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்பு வேலையைத் தொடங்கியது. விதை சேகரிப்போடு நில்லாமல் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள், உமி நீக்கும் எந்திரம், பொட்டலமிட்டு விற்பது என்று வேலை விரிந்தது. இந்த எந்திரத்தின் முக்கியத்துவத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. உலக்கை இல்லாமல் சாமை அரிசி கிடைக்கும் என்ற நிலை வந்தால்தான், சாமை வேண்டுமா என்று ஒரு பெண் உண்மையாகத் தேர்ந்தெடுக்க முடியும். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ரேஷன் அரிசிக்கு ஏங்கிய காலத்தில் ஏழைச் சோறு என்று ஒதுக்கப்பட்ட சாமை, நகரத்துக் கடைகளில் நெல்லரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. விளைவித்த வீட்டில் தோலும் வாங்கிய ஊரில் கொட்டையும் என்ற அந்தப் பழைய விதி வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடுமா என்பது திறந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை சந்தையில் மட்டும் இல்லை, பட்டாவில் இருக்கிறது. எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்கிறவர் நிலத்துக்கு உரியவர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 2(2), மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய இச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. தமிழ்நாடு 1989இல் மகள்களுக்குச் சம பங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இரண்டு சட்டங்களும் கொல்லிமலைப் பெண்ணின் வாசல் வரை போய் நின்றுவிட்டன. அங்கே வழக்கமே சட்டம். வழக்கப்படி நிலம் ஆண் வாரிசு வழியே போகிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விலக்கைத் திருத்துவது பற்றி மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, மணமானவர்களுக்குத் தரும் உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்கிறது. எந்த ஊரில் அது உண்மையில் இருவர் பெயரில் இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது, வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு ஒரு நல்ல களப்பணி.

களத்துக்குப் போகிறவர்கள் கூடவே இன்னும் சிலவற்றையும் கேட்டு எழுதி வரலாம். எந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கினீர்கள், எத்தனை படி சுமந்தீர்கள், பிள்ளையை யாரிடம் விட்டுப் போனீர்கள், விற்ற காசில் முதலில் என்ன வாங்கினீர்கள். வளப்பூர் நாட்டிலும் வாழவந்தி நாட்டிலும் குண்டூர் நாட்டிலும் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாவையின் சிரிப்பைப் பற்றி எழுதிவிட்டோம். சுமந்து இறங்கியவர்களின் பேச்சை எழுதிக்கொள்ள நமக்கு இருப்பது சில ஆண்டுகள்தான்.