கயிறும் உறுதிமொழியும்

இரண்டு மூங்கில் கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டச் சொன்னால், சாரணர் படைக்குப் புதிதாக வந்த பையன் கயிற்றைக் கண்டபடி சுற்றி இறுக்குவான். மூத்த சாரணர் அதை அவிழ்த்துவிட்டு, ஒரு கழியில் முடிச்சுப் போடுவார். இரு கழிகளையும் சேர்த்து மூன்று சுற்று. பிறகு கழிகளுக்கு நடுவே கயிற்றை விட்டு, போட்ட சுற்றுகளையே நெரிப்பதுபோல் இரண்டு சுற்று. பிடிப்பு அந்தக் கடைசிச் சுற்றுகளில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்த வித்தை கைமாறத் தொடங்கி 110 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சோதனை முகாம் நடத்தியது 1907-ல். மூன்றே ஆண்டுகளில், 1910 ஜூலை 2-ஆம் தேதி, அது சிங்கப்பூரில் கால் ஊன்றியது. இங்கே அதை வளர்த்த ஃபிராங்க் கூப்பர் சாண்ட்ஸை 'மலாயா சாரணியத்தின் தந்தை' என்பார்கள்.

ஆனால் அன்றைய காலனிகளில் முதலில் காக்கி உடுத்தியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். இந்தியாவில் உள்ளூர்ச் சிறுவர்களைச் சேர்க்கத் தயங்கியதால், முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனியாகவே ஓர் இந்தியச் சாரணர் சங்கம் கண்டார். சிங்கப்பூரில் அப்படிப் பிரிய நேரவில்லை. போருக்குப் பிறகு சாண்ட்ஸின் முயற்சியில் பல இனப் பிள்ளைகளும் ஒரே இயக்கத்துக்குள் வந்தார்கள்.

பெண் சாரணியர் இயக்கம் 1917-ல் வந்தது. தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பிரின்செப் ஸ்திரீட் தேவாலயத்தில் 1930-ல் பாய்ஸ் பிரிகேட் என்னும் சிறுவர் அமைப்பு தொடங்கியது. 1967-ல் அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ முனைந்து புலாவ் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியை நிறுவினார். கூடாரமும் படகும் இளையரை உறுதியாக்கும் என்பது புதிய நாட்டின் கொள்கையாகவே ஆயிற்று.

இடையில் ஜப்பானியர் ஆட்சியில் சாரணர் இயக்கம் முடங்கிக் கிடந்தது. 1942 பிப்ரவரி 8 இரவு அவர்கள் கரையேறிய இடங்களுள் சாரிம்பூனும் ஒன்று. இன்று சாரணர்கள் கூடாரம் அடிக்கும் முகாம் அந்தப் பெயரிலேயே, அந்த வட்டாரத்திலேயே இருக்கிறது.

சுதந்திரம் வந்ததும் சாரணர் உறுதிமொழியில் முடியரசு இருந்த இடத்தில் சிங்கப்பூர்க் குடியரசு வந்தது. 1966-ல் சிங்கப்பூர்ச் சாரணர் சங்கம் உலகச் சாரணர் அமைப்பில் தனி உறுப்பினராகச் சேர்ந்தது. மன்னர் பெயரிலும் அரசியார் பெயரிலும் தந்த உயரிய விருது, அதிபர் சாரணர் விருதானது. நாட்டின் அதிபரே தலைமைச் சாரணர்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ரங்கூன் சாலைப் பள்ளியிலும் பிறகு விக்டோரியா பள்ளியிலும் படித்து, படிப்பு முடியுமுன்னே வேலைக்குப் போன ஒரு தமிழ்ச் சிறுவர், 1999 முதல் 2011 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் பெயர் எஸ்.ஆர். நாதன்.