ஊசியும் வம்பும்: பம்பாய் சினிமாவில் பெண் உழைப்பு பற்றிச் சில குறிப்புகள்

ஃபாஷன், கிசுகிசு என்று பேச்செடுத்தாலே நம் கூட்டங்களில் ஒரு சிரிப்பு கிளம்பும். 'நுகர்வு மோகம்', 'முதலாளியக் கேளிக்கை' என்று இரண்டு வார்த்தையில் கதையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படிச் சிரித்த ஆள்தான். பிறகு யோசித்தால் அந்தச் சிரிப்பே சந்தேகத்துக்குரியதாகப் படுகிறது. உடுப்பும் ஊர்வம்பும் பெண்கள் மேல் ஏற்றி வைக்கப்பட்ட காரியங்கள். வீட்டில் கிழிசல் தைப்பது கூலி இல்லாத வேலை. வாசலில் உட்கார்ந்து பேசுவது வேலையே இல்லை, வெட்டிப் பேச்சு. இந்த இரண்டையும் ஒரு தொழில் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தபோது என்ன நடந்தது? எந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள்? பம்பாய் இந்திச் சினிமாவை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதலில் வம்பு. நமக்கு இது புதுச் சமாச்சாரம் அல்ல. அகமரபில் அம்பல், அலர் என்று இரண்டு உண்டு. ஊரார் முணுமுணுத்துக்கொள்வது அம்பல். பலரறிய வாய்விட்டுப் பேசுவது அலர். குறளில் 'அலரறிவுறுத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அலர் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெண்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு வேலையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது: களவாக நடக்கும் காதலைக் கல்யாணத்தை நோக்கித் தள்ளுவது. ஊர் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட பங்கு அது. ஐரோப்பாவிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஆங்கிலத்தில் வம்பைக் குறிக்கும் சொல் ஒரு காலத்தில் ஞானத்தாயை, பிரசவ நேரத்தில் கூட இருக்கும் தோழியைக் குறித்தது. பெண்களின் கூட்டு உறவுகள் ஒடுக்கப்பட்ட காலத்தில்தான் அது வீண்பேச்சு என்று பொருள் தேய்ந்தது என்று சில்வியா ஃபெடரிசி எழுதுகிறார்.

பேச்சு பெண் குணம் என்பார்கள். ஆனால் அதை அச்சில் ஏற்றிக் காசாக்கியது யார்? சென்னையில் 'சினிமா தூது', 'இந்து நேசன்' நடத்திய லட்சுமிகாந்தன் ஓர் ஆண். 1944 நவம்பரில் அவர் குத்திக் கொல்லப்பட்டதும், தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய் 1947இல் வெளியே வந்ததும் ஊரறிந்த கதை. தையலும் அப்படித்தான். வீட்டுக்குள் இருந்தவரை பெண் வேலை. கடை போட்டுக் கூலி வந்த மாத்திரத்தில் 'டைலர் மாஸ்டர்' ஆணாகிவிட்டார். சமையலுக்கு நடந்ததுதான் இதற்கும். ஆகவே பெண்கள் இந்தத் தொழில்களுக்குள் வந்தது இயல்பான வளர்ச்சி எல்லாம் இல்லை. பிடுங்கிக்கொள்ளப்பட்ட ஒன்றுக்குள் வேறு வாசல் வழியாக மறுபடி நுழைந்தார்கள்.

அந்த வாசல் பெண்கள் பத்திரிகை.

பானு அத்தையா 1929இல் கோலாப்பூரில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் ராஜோபாத்யே. தந்தை ஓவியர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். 1953இல் முற்போக்கு ஓவியர் குழு நடத்திய கண்காட்சியில் இவர் ஓவியங்களும் இருந்தன. அந்தக் குழுவைப் பற்றி நம் ஆட்கள் எவ்வளவு எழுதியிருக்கிறோம்! ஹுசைன், சூஸா, ரஸா என்று பெயர்களை ஒப்பிப்போம். இந்தப் பெண் பெயர் அந்தப் பட்டியலில் வராது. ஓவியம் வரைந்துகொண்டே அவர் பிழைப்புக்காக 'ஈவ்ஸ் வீக்லி' போன்ற பெண்கள் பத்திரிகைகளுக்கு உடைப்படங்கள் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு பொட்டிக் திறந்தபோது, வரைகிறாயே, தைத்தும் பாரேன் என்று கூப்பிட்டார். அங்கே வந்த நடிகைகள், காமினி கௌஷல், நர்கிஸ் போன்றவர்கள், இவரைச் சினிமாவுக்குக் கொண்டுபோனார்கள். 1956இல் குருதத் தயாரித்த 'சி.ஐ.டி.'யில் தொடங்கி 'பியாசா', 'சாஹிப் பீபி அவுர் குலாம்', 'கைட்' என்று வரிசையாகப் படங்கள். ஓவியராக இருந்திருந்தால் பட்டினிதான், உடை வடிவமைத்ததால் சோறு. ஆனால் கலை வரலாற்றில் இடம் போயிற்று. எது நஷ்டம், எது லாபம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரொலாண் பார்த் 1967இல் வெளியிட்ட ஃபாஷன் பற்றிய நூலில் உடையை மூன்றாகப் பிரிக்கிறார்: தைக்கப்பட்ட உடை, படமாகக் காட்டப்பட்ட உடை, எழுதப்பட்ட உடை. 1958-59இல் வந்த பிரெஞ்சுப் பெண்கள் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட உடையை மட்டும் ஆராய்கிறார். தைக்கப்பட்ட உடையைத் தள்ளிவைப்பது அவருக்கு ஆய்வு வசதி. தொழிலும் அதையே செய்கிறது, லாப வசதிக்காக. பானு அத்தையா இரண்டாவது உடையில் தொடங்கி முதலாவதுக்கு வந்தவர். ஆனால் முதலாவது உடையைத் தன் கையால் தைத்தவர் அவரல்ல. காகிதத்தில் வரைந்தவருக்கு டைட்டிலில் பெயர். மெஷினில் மிதித்தவருக்கு நாள் கூலி.

இதற்கு ஓர் உதாரணம் போதும். 1968இல் வந்த 'பிரம்மச்சாரி'யில் மும்தாஜும் ஷம்மி கபூரும் ஆடும் ஒரு பாட்டு உண்டு. பாட்டின் பொருளே அலர்தான்: நம் காதல் ஊர் வாயில் விழுந்துவிட்டது என்கிற சந்தோஷம். களவு வெளிப்பட்டதே என்று அகத்தலைவி கலங்கினால், இங்கே தலைவி அதைக் கொண்டாடி ஆடுகிறாள். ஆடவேண்டும், வேகமாக ஆடவேண்டும், புடவையும் அவிழக்கூடாது. பானு அத்தையா என்ன செய்தார் என்றால், புடவையை மடிப்போடு உடம்பில் ஒட்டத் தைத்து, பக்கவாட்டில் ஜிப் வைத்துவிட்டார். சுற்றிக் கட்டுகிற துணி, காலை நுழைத்துப் போட்டுக்கொள்கிற உடுப்பாகிவிட்டது. ஆயிரம் வருஷமாகக் கற்போடும் பண்போடும் முடிச்சுப் போட்டுவைத்த ஒரு துணியை ஜிப் வைத்து மூடலாம் என்று கண்டுபிடித்தது சாதாரண விஷயமா? இது விடுதலை என்று நான் சொல்லவரவில்லை. கேமரா அந்த உடம்பை எப்படிப் பார்த்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் புடவைக்கு 'மும்தாஜ் புடவை' என்றே பெயர் விழுந்தது. யோசித்தவர் பெயரும் அதில் இல்லை, தைத்தவர் பெயரும் இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் 1966இல் வந்த 'ஆம்ரபாலி'யும் இவர் வேலைதான். அஜந்தா குகைகளுக்குப் போய் ஓவியங்களைப் பார்த்து வந்து திருவல்லிக்கேணிப் பெண் வைஜயந்திமாலாவுக்கு உடுத்திவிட்டார். இந்தியர்களுக்குப் பண்டைக்காலம் என்றால் எப்படி இருக்கும் என்ற பொதுப்புத்தியில் இந்தத் துணிகளுக்கும் பங்கு உண்டு. வரலாற்றைப் புத்தகத்தில் மட்டுமா எழுதுகிறார்கள்? 'காந்தி' படத்துக்காக 1983இல் ஜான் மொல்லோவோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. ராட்டையும் கதரும் அரசியலான கதைக்கு உடை அமைத்ததற்குப் பரிசு.

இனி வம்புக்கு வருவோம். 'ஸ்டார் அண்ட் ஸ்டைல்' பத்திரிகையில் 'ஃபிராங்க்லி ஸ்பீக்கிங்' என்ற பத்தியை எழுதியவர் தேவயானி சௌபல். ஆங்கிலத்தில் எழுதும்போதே நடுவில் இந்தியை அள்ளிப் போடுவார். எழுதியதற்காக ஒரு பெரிய நடிகரின் கை அவர் மேல் பட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். பாருங்கள், வம்பு பற்றி எழுத வந்து நானே வம்பு பேசுகிறேன். பெயரை விட்டுவிடுகிறேன், அம்பலாகவே இருக்கட்டும். அவர் சொன்னது பொய் என்பதைவிட, ஒரு பெண் இதைச் சொல்லிவிட்டாளே என்பதுதான் கோபத்துக்குக் காரணமாக இருந்திருக்கும். ஆண் எழுதினால் அது விமர்சனம். பெண் எழுதினால் விஷநாக்கு. கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் படுத்து 1995இல் இறந்தார்.

1971 அக்டோபரில் 'ஸ்டார்டஸ்ட்' வந்தது. நாரி ஹிரா என்ற விளம்பரத் தொழில்காரர் தொடங்கியது. அவருடைய விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதப் பழகிக்கொண்டிருந்த, அதற்குமுன் மாடலாக இருந்த ஷோபா ராஜாத்யக்ஷவை ஆசிரியராக உட்காரவைத்தார். அப்போது அவருக்கு வயது 23. நாம் அறிந்த ஷோபா டே. அதுவரை இருந்த சினிமாப் பத்திரிகைகள் நட்சத்திரங்களுக்கு மரியாதையாகக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தன. 'ஸ்டார்டஸ்ட்' அந்தக் கும்பிடை நிறுத்தியது. யார் வீட்டில் யார் கார் நின்றது என்று இங்கிலீஷும் இந்தியும் கலந்த தெருமொழியில் எழுதியது. அதில் வந்த வம்புப் பத்திக்கு 'நீத்தாஸ் நாட்டர்' என்று பெயர். நீத்தா என்பது கற்பனைப் பெயர். சேதி கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும், அச்சில் அது ஒரு பெண் வாயிலிருந்துதான் வரவேண்டும்! அலர் மரபு எங்கே போயிற்று என்று தேடவேண்டாம். பம்பாய் ஆபீஸ் ஒன்றில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தது.

சினிமா ஸ்டூடியோ பக்கம் தான் அதிகம் போனதில்லை என்று ஷோபா டே தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். நிருபர்கள் அலைந்து கொண்டுவந்த சேதியை மேசையில் வைத்துத் திருத்தி எழுதி அந்த நடையை உருவாக்கினார். மேலே பார்த்த அதே பிரிவினைதான்: வரைகிற கை ஒன்று, தைக்கிற கை இன்னொன்று. பேசுகிற பெயர் ஒன்று, மோப்பம் பிடித்து அலைகிற கால்கள் வேறு. ராஜோபாத்யே, ராஜாத்யக்ஷ என்ற குடும்பப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். ஓவியப் பள்ளியும் ஆங்கிலமும் எந்த வீட்டுப் பெண்களுக்கு எட்டினவோ அந்த வீடுகளிலிருந்துதான் பெயர் பெற்றவர்கள் வந்தார்கள். இதைச் சொல்வதால் அவர்கள் பட்ட பாடு குறைந்துவிடாது. 23 வயதுப் பெண் ஒருத்தி ஆண் நட்சத்திரங்களைத் தூக்கத்தைக் கெடுக்கவைத்தாள் என்பது வரலாறுதான். ஆனால் அவள் கிண்டலுக்கு அதிகம் இலக்கானவர்கள் யார்? நடிகைகள். ஆண் நட்சத்திரத்தின் கள்ளக்காதல் அவன் வீரியத்துக்குச் சாட்சி. நடிகையின் காதல் அவள் மார்க்கெட்டுக்குக் கேடு. அலர் பழைய வேலையையே செய்தது, விளம்பரக் காசு வாங்கிக்கொண்டு.

இப்போது நமக்குச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். பெண்கள் உடை வரையலாம், வம்பு எழுதலாம். நடிகையின் முகத்தில் பவுடர் போடலாமா? கூடாது. பம்பாயின் சினிமா உடை, மேக்கப், சிகை அலங்காரக் கலைஞர்கள் சங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்படி ஒரு விதி வைத்திருந்தது: மேக்கப் கலைஞராக ஆண் மட்டுமே உறுப்பினராகலாம். பெண் வந்தால் சிகை அலங்காரத்துக்கு மட்டும் அட்டை. அட்டை இல்லாமல் செட்டில் வேலை செய்தால் அபராதம். இது முதலாளி போட்ட விதி அல்ல. பதிவுபெற்ற தொழிற்சங்கம் போட்டது. நாம் எந்த ஆயுதத்தை நம்புகிறோமோ அதே ஆயுதம். சொன்ன காரணமும் நமக்குப் பழக்கமானதுதான்: பெண்களை விட்டால் ஆண்களின் பிழைப்பு போய்விடும். குடும்பம் நடத்துகிறவன் ஆண் என்ற அனுமானம் இதற்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆலைகளில் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தபோதும் இதைத்தானே சொன்னார்கள்?

பெண் மேக்கப் கலைஞர்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். வேனுக்குள் உட்கார்ந்து ரகசியமாக வேலை செய்தார்கள். சங்கத்து ஆட்கள் சோதனைக்கு வந்தால் ஒளிந்துகொண்டார்கள். சாரு குரானா என்ற மேக்கப் கலைஞரும் இன்னும் சிலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் அந்த விதியைச் செல்லாததாக்கினார்கள். சமத்துவத்துக்கும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமைக்கும் விரோதம் என்றார்கள். ஐந்து வருஷம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்தவர்தான் சேரலாம் என்ற விதியும் கூடவே போயிற்று. இந்திய சினிமாவுக்கு முதல் ஆஸ்கரை ஒரு பெண் உடை வடிவமைப்பாளர் வாங்கிக் கொடுத்து அப்போது 31 வருஷம் முடிந்திருந்தது. அந்தச் சிலையும் ஊரில் இல்லை. தனக்குப் பிறகு இங்கே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களா என்ற கவலையில் பானு அத்தையா 2012இல் அகாடமியிடமே அதை ஒப்படைத்துவிட்டார். 2020 அக்டோபரில் காலமானார்.

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சங்க வேலையில் பல வருஷம் ஊறிய நண்பர் ஒருவரிடம் அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். "மேக்கப்தானேப்பா" என்று சொல்லிவிட்டு டீக்குச் சொன்னார்.